தட்டரின் ‘பேந்து?’

தட்டர் வருகிறார் என்று தெரிந்தால், கோவில் பங்குக் கூட்டத்துக்குப் போகுமுன் வீட்டில் இரவுச் சாப்பாட்டையும் சமைத்து வைத்துவிட்டுத்தான் போவேன். ஒரு மணித்தியாலக் கூட்டம் அவர் இருந்தால் மூன்று மணித்தியாலம் ஆகும் என்பது இந்தப் பிரெஞ்சு பேசுகிற நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். இத்தனைக்கும் அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. மற்றவர்களைப் பேச விடுவார். அதுதான் வில்லங்கம்.

திருவிழாவுக்கு மாதா சுருவத்தை, அதாவது சிலையை, எந்தத் தெருவால் கொண்டுபோவது என்று ஒரு வயதான அக்கா எழுந்து சொல்லத் தொடங்குவார். இரண்டு வசனம் முடியுமுன் செயலாளர், “சரி அக்கா, விளங்கீற்றுது, இருங்கோ” என்பார். உடனே கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

“அவ இன்னும் முடிக்கேல்லை. ஓம் அக்கா, பேந்து?”

பேந்து என்றால் பிறகு. நாங்கள் எல்லோரும் நாளொன்றுக்கு நூறு தரம் சொல்லுகிற சொல்தான். ஆனால் அவர் சொல்லும்போது தலையைச் சற்றுச் சாய்த்து, கையைத் தொடையில் வைத்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி இருப்பார். அந்த அக்கா திரும்ப எழும்புவார். மாதா சுருவத்தில் தொடங்கி, மருமகள் தன்னைத் திருவிழாவுக்குக் கூட்டிவராத கதை வரைக்கும் போய்த்தான் இருப்பார். செயலாளர் மணிக்கூட்டைப் பார்ப்பார். நான் என் சோற்றுச் சட்டியை நினைப்பேன்.

தட்டர் என்ற பட்டத்தை வைத்தது என் கணவர். எங்கள் ஆட்களுக்கு ஒருவருக்குப் பட்டம் வைக்க ஒரு சாமானும் கடைசியில் ஒரு ‘ர்’ரும் இருந்தால் போதும். இவர் இசைத்தட்டுச் சேர்க்கிறவர், ஆகவே தட்டர். முகத்துக்கு நேரே அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். இப்போது ரொக்ஸ்பரோவில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் சொல்வது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களின் கதை.

ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்கும் சத்திரசிகிச்சைக்கும் கொண்டுபோகிற வேலை அவருக்கு. நோத்ர-டாம்-த-கிரேஸில், டெப்பனர் என்று சொல்லும் மூலைக் கடை ஒன்றுக்கு நாலு வீடு தள்ளி, இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்தார். ஒருமுறை யன்னல் விற்கிற கம்பனியிலிருந்து யாரோ தொலைபேசியில் அழைத்து, உங்கள் வீட்டு யன்னல்களை மாற்றித் தருகிறோம் என்றிருக்கிறான். வாடகை வீட்டுக்காரன் யன்னல் மாற்றி என்ன செய்வது? நாங்கள் என்றால் ‘மெர்சி’ சொல்லி வைத்துவிடுவோம். இவர் நாற்பது நிமிடம் கேட்டிருக்கிறார். கடைசியில் அந்தப் பெடியன் யன்னலை விட்டுவிட்டு, தன்னுடைய பெண்சாதி தன்னை விட்டுப்போன கதையைச் சொல்லி அழுதானாம்.

“அவன் வேலை நேரத்தில அழுதவன். பாவம், நான் வைச்சிருந்தால் எங்க போய் அழுவான்?” என்று எங்களிடம் கேட்டார்.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்கா மீன் வாங்கப் போன கதையைச் சொன்னால், கதைக்குள் மீன் வருவதற்கே அரை மணித்தியாலம் பிடிக்கும். பஸ் வரும், பஸ்ஸில் ஒரு சீனப் பெண் வருவா, அவவின் சப்பாத்து வரும், அந்தச் சப்பாத்தைப் போல ஒன்றைத் தான் எந்தக் கடையில் கண்டேன் என்பது வரும். தட்டர் எதிரே இருந்து ஒவ்வொரு வளைவிலும் “பேந்து?” என்பார். கல்யாணம் கட்டி இருபத்தைந்து வருடம். இருவரும் சண்டை பிடித்து நான் கண்டதில்லை. சண்டை பிடிப்பதற்கு ஒருவராவது நடுவில் குறுக்கிட வேண்டுமே.

எனக்கு முதலில் அவர்மேல் எரிச்சல்தான். நான் அவசரக்காரி. பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற ஒரு கார்டெரியில் சமையல் வேலை. பதினொன்றரைக்கு முப்பது பிள்ளைகளுக்குச் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும். யார் என்ன சொல்லத் தொடங்கினாலும் நாலாவது சொல்லில் எனக்கு விளங்கிவிடும். மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன். என் கணவர் கதைப்பதைக் குறைத்துக்கொண்டதற்குக் காரணம் நான்தான் என்று மாமியார் சொல்லுவார். மாமியாரையும் நான் முடிக்க விட்டதில்லை.

தட்டர்மேல் இருந்த எரிச்சல் ஒரு ஒளிவிழாவில் போயிற்று. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தைய கிழமை கோவில் மண்டபத்தில் பிள்ளைகள் மேடையேறுகிற விழா அது. என் சின்ன மகளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் தம்பியோடு பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பாள். அவளுக்கு, பாலனைப் பார்க்கப் பரிசோடு வந்த மூன்று அரசர்களைப் பற்றி ஒரு தமிழ்ப் பேச்சு. மூன்று கிழமை சொல்லிக் கொடுத்தேன். மேடையில் ஏறினாள், “அன்பான பெரியோர்களே” என்றாள், இரண்டாவது அரசரோடு நின்றுவிட்டாள். சபை சிரித்தது. திரை இழுக்கிற தம்பி பாவம் பார்த்துத் திரையை இழுத்துவிட்டான். உண்மையைச் சொன்னால் நானும் கையைக் காட்டி இழுக்கச் சொன்னேன்.

தட்டர் எழும்பி, மேடைப் படியில் ஏறி, திரையைப் பிடித்துத் திரும்பவும் திறந்தார். திறந்த திரையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

“பிள்ளை முடிக்கேல்லை. பேந்து, அம்மா? மூண்டாவது ஆள் என்ன கொண்டுவந்தவர்?”

ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தாய்க்குத்தான் தெரியும். பிறகு என் மகள் மூன்றாவது அரசரைப் பிரெஞ்சில் கொண்டுவந்து சேர்த்து, தமிழில் நன்றி வணக்கம் சொல்லி, தலை நிமிர்ந்து இறங்கி வந்தாள். அடுத்த ஞாயிறு நானே பொரித்த மீன் பற்றிஸ் ஒரு பெட்டி அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போய்வரத் தொடங்கினேன், தட்டுகளையும் கண்டேன்.

எல்லாம் சின்னத் தட்டுகள், நடுவில் பெரிய ஓட்டை, பக்கத்துக்கு ஒரு பாட்டு. கோவில் பாட்டிலிருந்து வெளியே வந்து காதலைப் பாடத் தொடங்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் பாட்டுகள். அதிலும் அந்தப் பாட்டுக் கம்பனிகள் தொடங்கிய முதல் சில வருடங்களில் வந்தவை மட்டும். அதிலும் கம்பனியே திருப்பி எடுத்தவை மட்டும். அதாவது, பாட வைத்து, தட்டு அடித்து, ஒரு பகுதியைக் கடைக்கும் அனுப்பிவிட்டு, பிறகு வேண்டாம் என்று மீளப் பெற்றவை. முதலாளியின் மனம் மாறியிருக்கும். அல்லது அதே பாட்டை இன்னொரு பெரிய குரலுக்குக் கொடுத்திருப்பார்கள். திரும்பி வந்ததை உடைத்துவிடுவார்களாம். எங்கேயாவது ஒரு பெட்டியோ, ஒற்றைத் தட்டோ தப்பும். அப்படித் தப்பிய முப்பத்தொன்று அவரிடம் இருந்தன.

“அண்ணை, நல்லாய் ஓடின பாட்டைச் சேர்க்கிறதை விட்டுட்டு உதுகளை ஏன் சேர்க்கிறீங்கள்? நல்லாயிருந்தால் ஏன் திருப்பி எடுக்கிறாங்கள்?”

நான் கேட்டு முடியும்வரை இருந்துவிட்டுத்தான் பதில் சொன்னார். “தங்கச்சி, ஒரு பிள்ளை பாடிப்போட்டு வீட்டை போய், அம்மா, என்ரை ரெக்கோட் வருகுது எண்டு சொல்லியிருக்கும்தானே? தாய் அயலட்டைக்கெல்லாம் சொல்லியிருப்பா. பேந்து அது வரேல்லை. அந்தப் பிள்ளைக்குத் திரையை இழுத்துப்போட்டாங்கள்.”

முதல் தட்டு அவருக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்தது. ரயிலில் பெட்டி தூக்கி வேலை செய்த ஒரு கறுப்பினத் தாத்தாவை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் காத்திருக்கும்போது தாத்தா, முன்னொரு காலத்தில் ஒரு பெட்டி இசைத்தட்டை ரயிலில் ஏற்றிப் பிறகு திருப்பி இறக்கச் சொன்னார்கள், நான் ஒன்றை மட்டும் கோட்டுக்குள் வைத்து... என்று சொல்லும்போது எக்ஸ்ரே கதவு திறந்துவிட்டது. ஆளை உள்ளே எடுத்துவிட்டார்கள். எங்கள் தட்டரால் அதைத் தாங்க முடியுமா? அடுத்த நாள் லீவு நாள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆறாம் மாடி ஏறி, கட்டிலைத் தேடிப்பிடித்து, “பிறகு?” என்று கேட்டிருக்கிறார். தாத்தா கதையை முடித்தார். கிழமை ஒன்று கழித்துப் பேத்தியிடம் சொல்லி அந்தத் தட்டையும் கொடுத்தனுப்பினார்.

தட்டு பிடிக்கும்போது அவர் மேற்பரப்பில் விரல் படவே விடமாட்டார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் விளிம்பைப் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் சரிப்பார். பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையில் வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கும். அதில் ஊசியால் கீறியது போல ஒரு எண். காகிதத்தில் எவரும் எதையும் அச்சடிக்கலாம், அந்த எண் பொய் சொல்லாது என்பார். தூசியைக் கூடத் துடைக்க மாட்டார், தூரிகையால் ஒற்றுவார். அந்த அறையில் நின்றால் என் கை துருதுருக்கும். கழுவுவது என் வியாதி. அழுக்கான சாமான் ஒன்றைக் கண்டால் சிங்கில் போடாமல் எனக்கு நித்திரை வராது.

அவருடைய கொப்பியில் தேடுகிற தட்டுகளின் எண்கள் இருந்தன. முதல் பக்கத்தில் ஒரே ஒரு எண், பக்கத்தில் அந்தத் தட்டில் எண்ணோடு கீறியிருக்குமாம் என்று ஒரு குட்டி முக்கோணம். அமெரிக்க ஏரிக்கரை நகரம் ஒன்றில், தையற்கடைக்கு மேலே நடந்த ஒரு சின்னக் கம்பனியில், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பாடியது. தட்டு அடித்து ஒரு கிழமையில் திருப்பி எடுத்தார்கள். தட்டைத் தேடித் தேடிக் கிடைக்காமல், ஒரு பனிக்காலம் முழுக்க அவர் பாடியவரையே தேடினார்.

அந்த நாளில் ஊருக்குக் கதைக்க நாங்கள் எல்லோரும் டெப்பனரில் தொலைபேசிக் கார்ட் வாங்குவோம். பின்பக்கத்தைச் சுரண்டினால் ஒரு நீள இலக்கம். அதைத் தொலைபேசியில் அழுத்தினால், பதிவுசெய்த குரலில் ஒரு பெண் இத்தனை நிமிடம் இருக்கிறது என்பா. நாங்கள் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் அடித்த கார்ட்டில் தட்டர் அமெரிக்கக் கோவில்களுக்கு அடித்தார். அவருடைய கணக்கு இதுதான்: அப்படிப் பாடுகிற பிள்ளை கோவில் பாடகர் குழுவில்தான் பழகியிருக்கும். தட்டு வரவில்லை என்றால் திரும்பவும் அங்கேதான் போயிருக்கும். ஞாயிறு பின்னேரங்களில் அந்த நகரத்துக் கோவில்களை ஒவ்வொன்றாய் அழைத்தார். சிலர் ஏதோ விற்க வந்தவன் என்று வைத்துவிட்டார்கள். சிலர் தங்கள் கதையைச் சொன்னார்கள். அதையும் கேட்டார்.

மாசி மாதத்தில் ஒருநாள், ஒரு கோவிலில் யாரோ, “அவவா? இங்கேதான் பாடப் பழகிக்கொண்டிருக்கிறா, இரும்” என்றிருக்கிறார். ஒரு பெண் வந்து தொலைபேசியை எடுத்து, “யார் செத்தது?” என்று கேட்டாவாம். ஒருவரும் சாகவில்லை, உங்கள் பாட்டைத் தேடுகிறேன் என்றிருக்கிறார் எங்கள் ஆள்.

பிறகு தான் தேடின கதையைச் சொன்னார், அவவும் தன் கதையைச் சொன்னா. தட்டு வருகிறது என்று தாய் தெருவெல்லாம் சொன்னதாகவும், வராமல் போனதும் தெருவில் பாதிப் பேர் நம்பாமல் சிரித்ததாகவும். அந்தத் தட்டைத் தன் கையில் ஒருநாளும் பிடித்ததில்லை என்றா. நடுவிலே என் பெயர் அச்சில் இருந்ததாம், நான் காணவில்லை என்றா. தட்டர் தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதை எனக்குச் சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

வசந்தகாலத்தில் எங்கள் கோவில் நிலவறையில் பழைய சாமான் விற்பனை நடக்கும். வந்த சாமானைத் துப்புரவாக்குவது என் பொறுப்பு. கழுவாத சாமான் மேசைக்கு ஏறப்படாது என்பது நான் வைத்த சட்டம். அந்த முறை வீடு காலி செய்த ஒரு குடும்பம் ஐந்து பெட்டி சின்னத் தட்டுகளைக் கொடுத்திருந்தது. அவர்கள் வீட்டு நிலவறையில் கிடந்து பூஞ்சணம் பிடித்து, மணத்தால் கிட்டப் போக முடியவில்லை. தட்டர் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு உபகாரம் செய்வோம் என்று நினைத்தேன். இதை நம்புங்கள், அன்பில்தான் செய்தேன்.

மண்டபத்தில் சோற்றுக் கிடாரம் கழுவுகிற பெரிய சிங்க் இருக்கிறது. அதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் ஊற்றி, தட்டுகளை ஊறப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வட்ட வட்டமாய்க் காகிதங்கள் மிதந்து வந்தன. அழுக்கு எப்படிக் கழலுகிறது பார் என்று எனக்குள் ஒரு புளுகம், ஒரு சந்தோஷம். சோறு வடிக்கிற பெரிய வடியால் அள்ளிக் குப்பைப் பையில் போட்டேன். தட்டுகளைக் கோப்பை அடுக்குகிற தட்டியில் நிறுத்திக் காயவைத்தேன். பளபள என்று மின்னின.

வீட்டுக்குப் போய் அவருக்கு அழைத்தேன். “அண்ணை, சனிக்கிழமை காலமை வாங்கோ. ஐஞ்சு பெட்டி ரெக்கோட் உங்களுக்கெண்டு கழுவி வைச்சிருக்கிறன்.”

“கழுவி எண்டால்?” என்று கேட்டார். “பேந்து சொல்லுறன், வாங்கோ” என்று வைத்துவிட்டேன். மகிழ்ச்சியை முழுதாகக் கொடுக்க நினைத்தேன்.

சனிக்கிழமை வந்து பெட்டிகளைப் பார்த்தார். ஏசவில்லை. சில தட்டுகளில் நடுக் காகிதத்தைச் சூட்டோடு சேர்த்து அழுத்தியிருப்பார்களாம், அது கழலாது. சிலவற்றில் பசையால் ஒட்டியிருப்பார்களாம், அது தண்ணீருக்கு வந்துவிடும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். பிறகு கதிரையை யன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டு, ஒவ்வொரு தட்டாக எடுத்து, வெளிச்சத்தில் சரித்து, எண்ணை வாசித்து வாசித்து வைத்தார்.

நாலாவது பெட்டியில் ஒரு தட்டோடு அப்படியே இருந்துவிட்டார். வெறும் கறுப்புத் தட்டு. நடுவில் பசையின் தடம் மட்டும்.

“இது அவவின்ரை” என்றார்.

வழுவழுப்பான வளையத்தில் இருந்த எண்ணையும் குட்டி முக்கோணத்தையும் எனக்கும் காட்டினார். தட்டின் ஒரு பக்கம் சூட்டில் அப்பளம் போல நெளிந்திருந்ததை நானே கண்டேன்.

“அண்ணை, எனக்குத் தெரியாது அண்ணை, பூஞ்சணம் எண்டு நினைச்சன், சுடுதண்ணியில போட்டால்...”

“காணும், தங்கச்சி. நிப்பாட்டுங்கோ.”

சொல்லிவிட்டு எழும்பி, தட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். மண்டபத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மனிசன் ஒருவரை நடுவில் நிறுத்தியதை எவரும் அதற்கு முன் கண்டதில்லை. யன்னல் விற்கிறவனுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. குப்பை லொறி முதல்நாளே வந்துபோனது எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்னொழுங்கைக்கு ஓடிப்போய்த் தொட்டியைத் திறந்து பார்த்தேன். வெறுந்தொட்டி. அதற்குள் பார்த்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பூசையில் அவர் மறுபக்கத்து மர வாங்கில் இருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவருக்குச் சொல்ல வேண்டியதை நான் கார்டெரி அடுப்போடு சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்ல வந்ததைப் பாதியில் வைத்துக்கொண்டு திரிவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கணவரை நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய அவரே வந்தார்.

“தங்கச்சி, அண்டைக்கு உங்களை நடுவில நிப்பாட்டிப்போட்டன். எனக்கு நித்திரை இல்லை. பின்னேரம் வீட்டை வாங்கோ. மிச்சத்தைச் சொல்லுங்கோ.”

“ஓம் அண்ணை, உங்களுக்கு...”

“எனக்கில்லை. அவவுக்கு.”

போனேன். அக்கா தேநீர் வைத்தா. அன்றைக்கு அவவும் ஒரு கதையும் சொல்லவில்லை. தட்டர் கார்ட் இலக்கத்தை அழுத்தி, அமெரிக்க இலக்கத்தை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். மறுபக்கத்தில் ஒரு தடித்த, களைத்த குரல் வந்தது. பேசியதெல்லாம் ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன்.

எல்லாம் சொன்னேன். பூஞ்சணம், சிங்க், சவர்க்காரம், மிதந்து வந்த காகிதம், வடி. உங்கள் பெயரை நான்தான் குப்பையில் போட்டேன் என்றும் சொன்னேன். யாரும் என்னை நிறுத்தவில்லை.

“தண்ணீர் எவ்வளவு சூடு?” என்று கேட்டா.

“கை வைக்க முடியாது.”

“எங்கள் கோவிலிலும் உன்னைப் போல ஒருத்தி இருக்கிறாள்” என்றா. “பியானோவுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.” பிறகு சிரித்தா. இருமி இருமிச் சிரித்தா. “உனக்கு எழுத்து அழகா?”

“ஓம். கோவில் அறிவித்தல் எல்லாம் நான்தான் எழுதுகிறேன்.”

“அப்படியென்றால் என் பெயரை நீ எழுதி ஒட்டு. இப்போது பாட்டைப் போடுங்கள்.”

அடுத்த கிழமை எழுதினேன். தண்ணீருக்குக் கழலாத பசை தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன்.

அந்தப் பின்னேரம், அவ கேட்டபடி தட்டர் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். நெளிந்த இடம் வந்ததும் ஊசி துள்ளி வெளியே விழுந்தது. என் முகம் சுட்டது. ஊசி துள்ளாமல் இருக்க, ஊசிக் கையின்மேல் ஒரு சத நாணயக் குற்றி ஒன்றை வைத்தார். அப்போதும் துள்ளியது. பிறகு அவர் முழங்காலில் இருந்து, குற்றியோடு சேர்த்து ஊசிக் கையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, தட்டு எழும்பும்போது விரலையும் எழுப்பி, தாழும்போது தாழ்த்தி, இரண்டரை நிமிடம் அப்படியே இருந்தார். பாட்டு முழுதாக ஓடியது. ஆங்கிலப் பாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் அந்தப் பிள்ளை அடக்கி அடக்கிப் பாடி, கடைசியில் அடக்க முடியாமல் விட்டுவிட்டதுபோல் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாட்டு முடிந்ததும் பாடின அம்மாவின் குரல் தொலைபேசியில் வந்தது.

“கடைசி வரியில் எனக்கு மூச்சுப் போதவில்லை, கேட்டீர்களா?” என்றா. “இன்னொரு தரம் பாட விடுங்கள் என்று கேட்டேன். நேரமில்லை என்றார்கள்.”

“பிறகு?” என்றார் தட்டர், ஆங்கிலத்தில்.

“எங்களிடம் ரெக்கோர்ட் பிளேயர் இல்லை. என் தட்டு வந்தால் போட்டுக் கேட்கவென்று அம்மா பக்கத்து வீட்டில் ஒன்றை இரவல் வாங்கி வந்து, யன்னல் ஓரம் மேசையில் வைத்துத் துணியால் மூடி...”

அந்த நேரம் பார்த்துக் கார்ட் பெண் இடையில் வந்து, இன்னும் ஒரு நிமிடம் என்றா. அது எங்களுக்கு மட்டும்தான் கேட்கும், அந்தப் பக்கம் கேட்காது. தட்டரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நேரம் முடிகிறது என்று சொல்வதென்றால் பாடின அம்மாவை நடுவில் நிறுத்த வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்தார். நான் சொல்லவா என்று கையால் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“...ஒரு மாதம் வைத்திருந்தார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அம்மா அந்த மேசைக்கு முன்னால்...”

அறுந்துவிட்டது.

தட்டர் எழும்பின வேகத்தில் தேநீர்க் கோப்பை உருண்டது. கோட் இல்லை, சப்பாத்து இல்லை, வீட்டுச் செருப்போடு படியில் இறங்கினார். பனி கரைந்து தெரு முழுக்கச் சேறு. “வழுக்கப் போகுது மனிசன்” என்று அக்கா யன்னலில் நின்று கத்தினா. நாலு வீடு தாண்டி அவர் டெப்பனருக்குள் பாய்ந்ததையும், கையில் கார்ட்டோடு வெளியே பாய்ந்ததையும் நாங்கள் மேலே நின்று பார்த்தோம். கால் நனைந்து, மூச்சிரைத்து வந்தார். சுரண்ட ஒன்றும் அகப்படாமல் ஊசிக் கையில் இருந்த சதக் குற்றியை எடுத்துச் சுரண்டினார். இலக்கத்தை ஒருதரம் பிழையாய் அழுத்தித் திரும்பவும் அழுத்தினார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டா. அவருக்கு இருந்த பதற்றத்தில் ஆங்கிலம் வரவில்லை.

“பேந்து?” என்றார்.

அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினா.

“...அம்மா பிளேயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்க. என்னைக் கண்டுவிட்டு, பரவாயில்லை, நீ பாடு, எனக்குத் தட்டு வேண்டாம், நான் இங்கேயே இருந்து கேட்கிறேன் என்றார். எனக்குக் கோபம். கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா அதற்குப் பிறகு என்னைப் பாடச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பாட்டை நான் யாருக்கும் பாடவுமில்லை.”

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. தட்டர் இந்த முறை பேந்து என்று கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தரம் போடும்” என்றா அந்த அம்மா.

தட்டர் நனைந்த செருப்போடு முழங்காலில் இருந்து, குற்றியை வைத்து, விரலை வைத்தார். பதினெட்டு வயதுக் குரல் முதலிலிருந்து பாடியது. கடைசி வரி வந்தபோது தொலைபேசிக்குள்ளிருந்து அந்தத் தடித்த குரலும் சேர்ந்துகொண்டது. சின்னக் குரல் மூச்சு முட்டி நின்ற இடத்தில் பெரிய குரல் நிற்கவில்லை. முடியும்வரை பாடியது.